கையெழுத்து வைக்காத படிவம்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. மூன்று தரம் கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். அயல்வீட்டு மனுசியின் நல்ல குணங்களை எழுதும்வரை பேனை ஓடும். என்னைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழும்பிவிடுவேன். அவர் காலமாகி முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடித்தார்கள். நாங்கள் அதைக் கல்வெட்டு என்போம். அயலவர் சார்பில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய தம்பி கேட்டார். சிரித்த முகம், உதவும் கரம் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பெயரை மட்டும் மாற்றினால் அந்த நாலு வரியை வெள்ளவத்தையில் யாருடைய கல்வெட்டிலும் போடலாம்.

இங்கே அவருடைய பெயரை எழுதவில்லை. அவருடைய மகன் இருக்கிறான், வேலை பார்க்கிறான். நான் அதிகம் படித்தவளும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதினேன், அதற்குப் பிறகு கல்யாணம். சாமி கும்பிடுவேன், சமைப்பேன், மகளைப் பார்ப்பேன். ஆகவே எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தவர். என்னிலும் மூன்று வயது இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவரை ஒரு சொல்லில் சொல்வதென்றால், கேட்கிறவர். காசு கேட்கிறவர் இல்லை, கேள்வி கேட்கிறவர். காலி வீதியில் பஸ்ஸை மறித்து, "இது மருதானைக்குப் போகுமோ?" என்று கேட்பார். போகும் என்றால், "எந்தப் பக்கத்தால போவீங்கள்?" என்பார். போகாது என்றால், "அப்ப எது போகும்?" என்பார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விளக்கம் சொல்லுவான், பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். கோயிலில் ஐயரிடம், "அபிஷேகப் பால் எல்லாம் கடைசியில எங்க போகுது, ஐயா?" என்று கேட்டவர். ஐயர் அன்று மந்திரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். என்னிடமும் கேட்பார். "உங்கட மனுசன் ஏன் மெலிஞ்சுபோனார்? சுகர் பாத்தனீங்களோ?" மனதுக்குள் திட்டிக்கொண்டே சோதித்துப் பார்த்தோம். சுகர் இருந்தது.

நான் அப்படி இல்லை. டொக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். "விளங்கிச்சுதா?" என்று கேட்டால், விளங்காவிட்டாலும் "ஓம்" என்று எழும்பி வந்துவிடுவேன். கேட்க வேண்டியதைப் பிள்ளையாரிடம் கேட்டால் போதும் என்று நம்பியிருந்தவள் நான்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது பிள்ளைகளின் வருத்தம். என் மகளும் அவருடைய மகனும் ஒரே குறையோடு பிறந்தவர்கள். முதுகுத்தண்டின் அடிப்பக்கம் சரியாக மூடவில்லை. பிறந்தவுடன் தைத்துவிட்டார்கள், ஆனால் அதற்குக் கீழே போகும் நரம்புகள் வேலை செய்யாது. சலம், அதாவது சிறுநீர், முட்டினால் பிள்ளைக்குத் தெரியாது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் சலப்பை. அது விரிந்து கொடுக்காமல் சின்னதாக, இறுகிப்போய் இருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் சலம் திரும்பி மேலே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அது கெட்டால் பிள்ளை இல்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் நாங்கள் இருவரும் கேட்கப் போனது அந்த ஒரு விஷயத்தைத்தான். சிறுநீரகம் தப்புமா, இல்லையா?

அவர் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு வருவார். டொக்டர் பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வெட்டுவார். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். ஒருநாள் நேர்ஸ் பொறுமையிழந்து, "மே நோனாகே பிரஷ்ன இவர வென்னெ நே" என்றாள், இந்த அம்மாவின் கேள்விகள் முடியப்போவதில்லை என்று. இவர் சிரித்துக்கொண்டு சிங்களத்திலேயே அவளிடமும் ஒரு கேள்வி கேட்டார். அவளுடைய பிள்ளை எந்த வகுப்பு என்று. அடுத்த கிளினிக்கில் எங்கள் நம்பர் பத்துக்குள் வந்தது.

"எங்கள் நம்பர்" என்று எழுதுகிறேன். அவர் எப்போதும் அப்படித்தான் கதைப்பார். "எங்கட ரெண்டுக்கும் ஸ்கான் எப்ப?" "எங்கட ரெண்டுக்கும் இந்த மருந்து சரிவருமோ?" கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாலும் இரண்டு கொளுத்துவார். "நாங்கள் சைவமெல்லோ?" என்று நான் கேட்டேன். "கேட்டுப் பாப்பம் அக்கா. அவருக்குத் தமிழ் விளங்கும்" என்றார்.

இதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவருடைய மகன் கம்பியும் பட்டியும் போட்ட சப்பாத்தோடு தானாக நடப்பான், என் மகளைத் தூக்க வேண்டும். அவனுக்குச் சலக்கிருமி வருடத்தில் ஒருதரம் வரும், என் பிள்ளைக்கு மாதத்துக்கு ஒருதரம். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பது நான். கோயிலுக்கே நேரம் பார்த்துப் போகாதவர் அவர். அப்படியிருக்க, கடவுள் ஏன் மேல் மாடியைப் பார்க்கிறார், எங்கள் மாடியைப் பார்க்கவில்லை? அவர் "எங்கட ரெண்டும்" என்று சொல்லும்போதெல்லாம், என்னுடையது இரண்டாவது என்றுதான் என் காதில் விழும்.

பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது அவர் படியில் ஓடி வந்தார். கையில் மா ஒட்டியிருந்தது, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர்.

"அக்கா, புதுசா ஒண்டு செய்யினமாம். பிள்ளையின்ர சலப்பையிலயிருந்தே சின்னத் துண்டு எடுத்து, அதைப் பெருக்கி, புதுச் சதை வளத்து, திருப்பி வைச்சுத் தைக்கிறது. ஆரின்ரயும் உறுப்பு இல்லை. அவையின்ர சொந்தச் சதைதான். உடம்பு வேண்டாமெண்டு தள்ளாது."

"சதையை எப்பிடியப்பா வெளியில வளக்கிறது?"

"தயிருக்கு உறை போடுறேல்லையோ? ஒரு கரண்டி போட்டா சட்டி நிறையத் தயிர். அப்பிடித்தான். ரெண்டு விதமான உயிர்க்கலம் எடுப்பினமாம். ஒண்டு உள்பக்கத் தோல், மற்றது வெளிப்பக்கத் தசை. ரெண்டையும் தனித்தனியா வளத்து, கிண்ணம் மாதிரி ஒரு கூட்டில உள்ளுக்கும் வெளியிலயும் பூசுவினம். கொடி படரப் பந்தல் போடுற மாதிரி. சதை பிடிச்ச பிறகு பந்தல் தானாக் கரைஞ்சுபோம். ஏழெட்டுக் கிழமை, ரெண்டு மாதம் மட்டில போகுமாம்."

அவருடைய தம்பி கனடாவில் இருக்கிறார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இதைச் சோதனையாகச் செய்கிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டு மூன்று இடம் வைத்திருக்கிறார்கள் என்று தம்பிதான் அறிந்து சொன்னார். இங்குள்ள வழி வேறு. குடலில் ஒரு துண்டை வெட்டிச் சலப்பையோடு சேர்த்துத் தைத்துப் பெரிதாக்குவார்கள். குடல் தன் வேலையை மறக்காது, உள்ளே சளி சுரந்துகொண்டே இருக்கும். கல் வரும், கிருமி வரும். அதனால் புதுமுறை சரிவந்தால் பெரிய விடுதலை.

ஒரு கிழமையில் அவர் இரண்டு படிவங்களோடு வந்தார். கொமியூனிகேஷன் கடையில் அடித்து எடுத்தவை. ஒன்று அவருடைய மகனுக்கு, ஒன்று என் மகளுக்கு. என் மகளுடையதில் பெயர், வயது, வருத்தம் எல்லாம் ஆங்கிலத்தில் அவரே நிரப்பியிருந்தார். தாயும் தகப்பனும் கையெழுத்து வைத்து, ஸ்கான் அறிக்கைகளோடு ஆகஸ்ட் முதல் கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் களஞ்சியம் பார்ப்பவர். வேலையால் வந்து சேட்டைக் கழற்றும் முன்னமே கையெழுத்து வைத்தார். மிச்சம் என்னுடையது மட்டும்.

அது ஆடி மாதம். ஆடியில் நாங்கள் நல்ல காரியம் தொடங்குவதில்லை. படிவத்தை உறைக்குள் போட்டு, சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்கு அடியில் வைத்தேன். ஆவணி பிறக்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கடைசித் திகதி ஆடிக்குள்தான் வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாட்காட்டி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது.

"போட்டாச்சோ அக்கா?" அவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். "தாங்கோவன், என்ரயோட சேத்து அனுப்பிவிடுறன்."

"வேண்டாம். எங்கட அவர் கடையிலயிருந்து கூரியரில போடுவார்" என்றேன். கணவர் கேட்டபோது, மேல்வீட்டுத் தங்கச்சியே அனுப்பிவிட்டா என்றேன். அவர் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட வருகிறவர், அயலில் கதைக்கிறவர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த உறை பிள்ளையாருக்குக் கீழே கிடந்தது. காலையும் மாலையும் அதற்கு முன்னால் விளக்கேற்றினேன். கையெழுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பேனையைத் தொட என் கை போகவில்லை.

ஏன் என்று இப்போது எழுதத்தான் இத்தனை வருடம் பிடித்தது. அவர் கேட்டு வாங்கிய வரத்தில் என் பிள்ளை குணமானால், வாழ்நாள் முழுக்க அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்று இருந்தது. என் விரதமெல்லாம் ஒன்றுமில்லை, அவருடைய வாய்தான் பலித்தது என்று ஆகிவிடுமே என்று இருந்தது. பெற்ற பிள்ளையின் சிறுநீரகத்தை ஒரு தட்டில் வைத்து, என் ரோசத்தை மற்றத் தட்டில் வைத்தேன். ரோசம் கீழே இறங்கியது.

ஆவணியில் அவருக்குப் பதில் வந்தது, மகனை எடுத்திருக்கிறார்கள் என்று. "உங்களுக்கு?" என்று கேட்டார். "இடமில்லையாம்" என்றேன். அவர் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதையும் அவர் என் மனத்தைரியம் என்று எடுத்துக்கொண்டார்.

அங்கே போய், துண்டு எடுத்து, சதை வளரும்வரை தம்பி வீட்டில் இருந்தார்கள். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, நாளைக்குத்தான். எனக்கு இஞ்ச கோயில் தூரம். இவன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வியளோ? பூச நட்சத்திரம்." "கட்டாயம்" என்றேன். காலையில் குளித்து, தேங்காயும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். ஐயர் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. என் மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். ஐயர் மந்திரம் சொல்லி முடித்து விபூதி தந்தார். பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படிவ விஷயத்தை அவரிடம் பிறகு சொல்லிவிட்டேன். இந்த அர்ச்சனை விஷயத்தை அவர் இருக்கும்வரை சொல்லவில்லை.

சில மாதத்தில் திரும்பி வந்தார்கள். மாடி முழுக்கக் கொண்டாட்டம். பையன் ஒருதரம் குழாய் விட்டுச் சலம் எடுத்தால் நாலு மணித்தியாலமும் நனையாமல் இருந்தான். வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தான். முன்பெல்லாம் அந்தக் கதிரையில் துவாய் விரித்துத்தான் இருப்பான். என் மகள் அந்த வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தாள். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு சோதனையில் அழுத்தம் மறுபடி கூடியிருந்தது. வளர்த்து வைத்த சதை பிடித்ததுதான், ஆனால் நினைத்த அளவுக்கு விரிந்து கொடுக்கவில்லை. வேறு சில பிள்ளைகளுக்கும் அப்படித்தானாம். அவர் வந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "முழுசாச் சரிவரேல்லை அக்கா. ஏனெண்டு கேட்டனான். தங்களுக்கும் தெரியாதாம். தெரியாதெண்டு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. இனி இதிலயிருந்துதான் படிப்பினமாம்."

அவர் படியேறிப் போன பிறகு நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மகள் கேட்டாள், "என்னம்மா விசேஷம்?" "வெள்ளிக்கிழமையெல்லோ" என்றேன். முந்திரிப்பருப்பும் போட்டேன். அவருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன். நல்லாயிருந்தது என்று கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தந்தார்.

அடுத்த வருடம் என் மகளின் ஒரு சிறுநீரகம் வேலையைக் குறைத்துவிட்டது. குடல் துண்டு வைத்துத் தைக்கும் ஒப்பரேஷனை இங்கேயே உடனே செய்ய வேண்டும் என்றார்கள். தியேட்டர் வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கணவர் இரத்தம் கொடுக்கப் போயிருந்தார். கதவு மூடியதும் சொல்லிவிட்டேன்.

"தங்கச்சி, அந்த ஃபோம் நான் அனுப்பேல்லை."

"தெரியும் அக்கா."

அவர் பக்கம் திரும்பினேன். "எப்பிடித் தெரியும்?"

"அங்க போன முதல் கிழமையே கேட்டனான். என்ர பிள்ளையை எடுத்தியள், அந்தப் பிள்ளையை ஏன் விட்டியள் எண்டு சண்டை பிடிச்சனான். கொம்பியூட்டரில தேடிப்போட்டு, அப்பிடி ஒரு பேரில ஒண்டுமே வரேல்லை எண்டுச்சினம். எனக்கு வெக்கமாப் போச்சு."

"உலகத்தில எல்லாத்தையும் கேக்கிறனீங்கள். இதை மட்டும் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "கேட்டா நீங்கள் ஆடி மாதமெண்டு சொல்லியிருப்பியள். பிறகு நான் அதை நம்பின மாதிரி நடிக்கோணும். ரெண்டு பேருக்கும் வீண் வேலை."

"கோவமில்லையோ?"

"இருந்தது. ரெண்டு வருசம் மட்டில இருந்தது. பிறகு இவன்ரயும் சரிவராமல் போச்சு. கோவப்பட நேரமில்லாமல் போச்சு." எழும்பினார். "பொறுங்கோ, இன்னும் எவ்வளவு நேரமெண்டு உள்ளுக்குக் கேட்டுக்கொண்டு வாறன்."

மன்னிப்புக் கிடைத்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. இரண்டு வருடம் கோபத்தோடு இருந்தும் கிண்ணத்தைக் கழுவித் தந்தாரே, அது எனக்கு வருமா என்று அந்தத் தியேட்டர் வாசலிலும் பொறாமைதான் பட்டேன்.

என் மகள் தப்பிவிட்டாள். ஒரு சிறுநீரகத்தோடு சமாளிக்கிறாள், வீட்டிலிருந்தபடி கணினியில் வேலை செய்கிறாள். அவருடைய மகனுக்கும் கடைசியில் குடல் ஒப்பரேஷன்தான் செய்தார்கள். அவர் மாரடைப்பால் ஒரு காலையில் போய்விட்டார், கேஸ் அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தபோது.

அதற்குப் பிறகு நான் செய்த பிழைதான் இதை எழுத வைத்தது. படிவம் போகவில்லை என்று கணவருக்குத் தெரியவந்தபோது ஆடி மாதம் என்று சமாளித்திருந்தேன். அதை அறிந்த கணவரின் தங்கச்சி ஒருநாள் என்னிடம், "அண்ணி, அந்த நேரம் ஃபோம் அனுப்பியிருந்தா உங்கட பிள்ளையையும் வீணா வெட்டியிருப்பினம். ஆடி எண்டு வைச்சது நல்லதாப் போச்சு. பிள்ளையாரெல்லோ மறிச்சவர்" என்றாள். நான் "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல் கோயில், கல்யாணவீடு என்று எல்லா இடமும் பரவிவிட்டது. நானும் விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடவுள் கடைசியில் எங்கள் மாடியைப் பார்த்தார் என்று கதை முடிந்தது.

போன மாதம் மகளோடு கிளினிக்குக்குப் போனேன். பக்கத்தில் வத்தளையிலிருந்து வந்த ஒரு தாய், மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை, அதே வருத்தம். வெளிநாட்டில் சதை வளர்த்து வைக்கும் முறையைத் திருத்திப் புதிதாகச் செய்து பார்க்கிறார்களாம், படிவம் வந்திருக்கிறதாம். அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. ஆடி முடியட்டும் எண்டு மாமி சொல்லுறா. முந்தி வெள்ளவத்தையில ஒரு பிள்ளையைப் பிள்ளையார் அப்பிடித்தான் காப்பாத்தினவராம்."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அவள் கேட்டுக்கொண்டிருக்க, "அந்தப் பிள்ளை இவள்தான். பிள்ளையார் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் அனுப்பேல்லை" என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அந்தத் தாய் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மகள் சக்கர நாற்காலியில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரிவந்திருக்குமோ வராதோ, அது வேற. அதை நான்தான் பாத்திருக்கோணும், அம்மா" என்றாள்.

இதை வாசிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். போனில் அனுப்புங்கள், அச்செடுத்துக் கோயில் வாசலில் கொடுங்கள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். புதுமுறை சரிவந்தது என்று கூட்டவும் வேண்டாம், சரிவரவில்லை என்பதால் நான் செய்தது நல்லது என்று குறைக்கவும் வேண்டாம். அவரைத் தெய்வமாக்காதீர்கள். அவர் கரைச்சல் பிடித்த மனுசி, எனக்கு இன்றைக்கும் அவரில் எரிச்சல் இருக்கிறது. ஆடியையும் பிள்ளையாரையும் இதற்குள் இழுக்காதீர்கள். படிவம் வந்தது, பேனை இருந்தது, நேரம் இருந்தது. கையெழுத்து வைக்காதவள் நான், காரணம் பொறாமை. வத்தளையில் அந்தக் குழந்தையின் மாமிக்கும் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள்.